நாற்பத்தொன்றாம் நம்பர் ஸ்கேட்

ஓர்வில் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். உடை மாற்றும் அறையில் யாரும் இல்லை. வரிசையாகத் தொங்கிய ஸ்கேட்டுகளில் நாற்பத்தொன்றாம் நம்பர் ஜோடியை மட்டும் கழற்றினார். காலையில் தானே பார்த்துப் பார்த்துத் தீட்டிய பிளேடின் விளிம்பில் கல்லைக் குறுக்கே வைத்து இரண்டு இழு இழுத்தார். கூர் போன இடம் தெரியவில்லை.

தண்டர் பே பீவர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ஸ்கேட்டுகளுக்கு இருபத்தாறு வருஷமாகச் சாணை பிடிப்பவர் அவர். இப்படி ஒரு பாவத்தை இதுவரை செய்ததில்லை.

சீசனுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டம் அன்று மதியம். அது முடிந்ததும் கோச் டாலிவர் எல்லோருக்கும் மார்க் போடுவார். இருபத்துமூன்று பேர் தங்குவார்கள். மற்றவர்கள் கீழ் அணிக்குப் போய் ஊர் ஊராகப் பஸ்ஸில் அலைய வேண்டியதுதான்.

இருபத்திரண்டு இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒருவன் ப்ரிக்ஸ், வயது முப்பத்தாறு, முட்டி தேய்ந்த ஆசாமி. இன்னொருவன்தான் நாற்பத்தொன்றாம் நம்பர், எத்தியென் ரோபிடூ. ஐந்து வருஷமாகக் கீழ் அணியின் பஸ்ஸிலேயே குடித்தனம் நடத்தியவன். இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் ஸ்கேட்டை மூட்டை கட்டிவிட்டு மாமனாரின் மர ஆலைக்கு வந்துவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

ப்ரிக்ஸ் அன்று காலையில்தான், மனைவி சுட்ட பட்டர் டார்ட் இனிப்பு ஒரு டஜனைக் கொண்டுவந்து ஓர்வில்லின் மேஜைமேல் வைத்திருந்தான்.

"நம்மளையும் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க ஓர்வி" என்று கண்ணடித்துவிட்டுப் போனான்.

ஆட்டம் தொடங்கி, முதல் திருப்பத்திலேயே ரோபிடூ மல்லாந்தான். இரண்டாவது முறை நேரே பக்கவாட்டுப் பலகையில் போய் மோதினான்.

"தம்பி, வீட்டுல இருந்து ஒரு நாற்காலி எடுத்துட்டு வா! அதைத் தள்ளிக்கிட்டே பழகலாம்!" என்று ஒருத்தி மேலிருந்து கத்தினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

மூன்றாவது முறை குப்புற விழுந்து வயிற்றாலேயே சறுக்கிக்கொண்டு போனவன், போகிற போக்கில் மட்டையை நீட்டி, பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை வலைக்குள் தள்ளிவிட்டான். கோல்தான். ஆனாலும் அதற்கும் சிரிப்புதான் வந்தது. மற்ற அணிகளிலிருந்து ஆள் பார்க்க வந்தவர்கள் நோட்டை மூடி வைத்துவிட்டுக் காபி வாங்கப் போனார்கள். துலூத் அணியின் ஆள் மட்டும் என்னவோ எழுதிக்கொண்டே இருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் ரோபிடூ ஸ்கேட்டைக் கழற்றி, பிளேடின் மேல் கட்டைவிரல் நகத்தை இழுத்துப் பார்த்தான். கூர் இருந்தால் நகம் சீவிக்கொண்டு வரும். ஒரு தூள்கூட வரவில்லை.

"ஓர்வி, என்ன இது? வெண்ணெய்கூட வெட்டாது போலிருக்கே!"

"பெஞ்சுக்கு வர்ற வழியில எங்கேயாவது கல்லு மேல மிதிச்சிருப்பே ரோபி."

ரோபிடூவின் பார்வை மேஜைமேல் இருந்த டப்பாவுக்குப் போனது. "ப்ரிக்ஸ் வீட்டு டார்ட்டா? அஞ்சு வருஷம் ஓர்வி! ஒரு டஜன் டார்ட்டுக்கா என்னை வித்தீங்க?"

ஓர்வில் குனிந்து சாணைக் கல்லைத் துடைத்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

மாலையில் கோச் டாலிவர் நிருபர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு மார்க் பட்டியலைச் சத்தமாகப் படித்தார்.

"ப்ரிக்ஸ், சி. ஏதோ பரவாயில்லை. ரோபிடூ, எஃப். ஓடுறது கிடக்கட்டும், நிக்கவே தெரியலை. அவனைக் கீழே அனுப்புறேன். விதிப்படி நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் எந்த அணி வேணும்னாலும் அவனைச் சும்மாவே எடுத்துக்கலாம். எடுத்துக்கிட்டா பார்சல் கட்ட நூல் நானே தர்றேன்!"

நிருபர்கள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். கதவோரம் நின்ற ரோபிடூ தலை குனிந்தபடி வெளியே போனான். மர ஆலைதான் என்று ஆகிவிட்டது.

மறுநாள் இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோச்சிடமிருந்து ஓர்வில்லுக்கு அழைப்பு வந்தது. மேஜைமேல் கிடந்த டார்ட் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். கோச் கதவைச் சாத்தினார்.

"உட்காருய்யா" என்று அவர் சொல்வதற்குள் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவரின் முகம் வெளுத்துவிட்டது.

"துலூத்தா? அவனையா? மேல் அணியிலேயே இடமா?"

போனை அறைந்து வைத்தார். "போச்சுய்யா! மழுங்கின பிளேடை மாட்டிக்கிட்டே கோல் போடுறவன், தீட்டிக் குடுத்தா என்ன பண்ணுவான்னு பார்க்கணுமாம். சிரிக்கிறான்யா அந்தப் பய!"

ஓர்வில் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ப்ரிக்ஸை ஒப்பந்தப்படி நகர்த்த முடியாது. அதனாலதானே இந்தப் பையனை எவன் கண்ணுலயும் படாம கீழே ஒளிச்சு வைக்கலாம்னு பார்த்தேன்! டிசம்பர்ல ப்ரிக்ஸ் முட்டி கழண்டுக்கும், அப்ப இவனை மேலே கூப்பிட்டுக்கலாம்னுதானே உன்னை மழுக்கச் சொன்னேன்! உனக்கும் எனக்கும் மட்டும்தானேய்யா தெரியும்? அவனுங்களுக்கு யாரு சொன்னது?"

"அதான் கோச் எனக்கும் புரியலை" என்று ஓர்வில் தலையைச் சொறிந்தபடி டப்பாவை நீட்டினார். "ஒரு டார்ட் எடுத்துக்குங்க. மனசு ஆறும்."

துலூத் அணிக்குச் சாணை பிடிப்பவர் தன் தங்கை புருஷன் என்பதையும், ஆட்டத்துக்கு முன்பே அவரை போனில் கூப்பிட்டு, "உங்க ஆள்கிட்ட நாற்பத்தொண்ணை மட்டும் கவனிக்கச் சொல்லுங்க மாப்ளே, பிளேடை மழுக்கி வச்சிருக்கேன்" என்று சொல்லிவைத்ததையும், ஓர்வில் அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை.