மூணாவது சைலன்சர்

"உன் வண்டிச் சத்தத்துல எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி நொறுங்கிப் போச்சு! இதுக்கு என்ன பதில் சொல்றே?"

ஞாயிற்றுக்கிழமை காலை. செங்குட்டுவன் வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தான்.

வாசலில் தெய்வசிகாமணி. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். பக்கத்தில் அவர் மனைவி ராஜாம்பாள், முறத்தில் கண்ணாடித் துண்டுகளை ஏந்திக்கொண்டு. பின்னால் படிக்கட்டு முழுக்க பிளாக் ஆட்கள்.

செங்குட்டுவன் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். பர்மனென்ட் ஆன கையோடு செகண்ட் ஹேண்டில் ஒரு இத்தாலி பைக் வாங்கியிருந்தான். மிளகாய்ப் பழச் சிவப்பு. டவுன்ஷிப்பில் அப்படி இன்னொன்று கிடையாது. ஒரே ஒரு குறைதான்.

"எவ்ளோ பெரிய வண்டி! தையல் மெஷின் மாதிரி சத்தம் வருது சங்கீதா. சிக்னல்ல நிக்கவே வெக்கமா இருக்குது" என்று மனைவியிடம் புலம்பிக்கொண்டே இருந்தான்.

புலம்பல் தாங்காமல், "வேற சைலன்சர் மாட்டிக்கிட்டு வந்து தொலைங்க" என்றாள் அவள்.

பாண்டிச்சேரியில் ஒரு மெக்கானிக்கிடம் போனான். மூன்று சைலன்சர்களை ஒவ்வொன்றாக வண்டியோடு பிடித்து ஆக்ஸிலேட்டரை முறுக்கச் சொல்லி, சத்தத்தை செல்போனில் பதிவு செய்துகொண்டு வந்தான். அன்று சாயங்காலமே பால்கனியில் நின்று ஸ்பீக்கரில் அலற விட்டான்.

"இது எப்படி?"

"மிக்ஸியில புளியங்கொட்டை விழுந்த மாதிரி இருக்கு."

"இது?"

"மாட்டுக்குத் தொண்டை கட்டியிருக்கு. பாவம்."

"சரி, மூணாவது?"

சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்த சங்கீதாவின் கரண்டி நின்றது. அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தச் சத்தம். "இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

பத்து தடவை போட்டான். எதிர் வரிசையில் நான்கு ஜன்னல்கள் திறந்து, படபடவென்று மூடிக்கொண்டன. அவன் கவனிக்கவில்லை. மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டு, "மூணாவதையே மாட்டிடுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அது நடந்து பத்து நாள். இதோ, பிளாக்கே வாசலில் நிற்கிறது.

"ஆமா தம்பி" என்று கீழ் வீட்டுக் கனகம் முன்னால் வந்தாள். "நேத்து நீ ஷிப்டு முடிஞ்சி வந்தப்ப எங்க வூட்டு அலமாரியில டம்ளரெல்லாம் தானா நடக்குது! என் கண்ணால பாத்தேன்."

"என் மாமியாருக்கு ஒரு வாரமா படபடப்பு. டாக்டரே சத்தம் ஆகாதுன்னுட்டாரு" என்றார் கொளஞ்சியப்பன்.

"நாலு குடும்பம் இருக்கிற எடத்துல என்னப்பா திமிரு இது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சங்கீதா புடவையைச் செருகிக்கொண்டு வாயைத் திறந்தாள். செங்குட்டுவன் அவள் காலை அழுத்தமாக மிதித்தான்.

"தப்புதான் சார். மன்னிச்சிடுங்க. கண்ணாடிய நானே மாட்டித் தரேன்."

சண்டைக்குத் தயாராக வந்திருந்த தெய்வசிகாமணி தடுமாறிப் போனார். "சரி... சரி. இனிமே பாத்து நடந்துக்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ராஜாம்பாளுக்குத்தான் ஆறவில்லை. "நேத்து நான் பண்ருட்டிக்குப் போயிருந்தேன், தப்பிச்சேன். எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன், அதனால இதோட விட்டாரு!"

கூட்டம் படியிறங்கிப் போனது. கதவைச் சாத்தியதும் சங்கீதா வெடித்தாள்.

"காலையா மிதிக்கிறீங்க? வண்டியே ஊர்ல இல்ல! பத்து நாளா பாண்டிச்சேரியில கெடக்கு. கிளாம்பு சேரலன்னு மெக்கானிக் லேத்துல குடுத்துட்டு உக்காந்திருக்கான். அந்த சைலன்சர் இன்னும் வண்டியில ஏறவே இல்ல! நீங்க பஸ்ஸுல ஷிப்டுக்குப் போறீங்க, இவங்க வீட்டு டம்ளர் எப்படி நடந்துச்சாம்?"

"அதை டம்ளரத்தான் கேக்கணும்." பேஸ்ட் நுரையோடு சிரித்தான்.

"சிரிக்காதீங்க! பின்ன அந்தக் கண்ணாடி எப்படி உடைஞ்சுது?"

வாய் கொப்பளித்துவிட்டு வந்து நிதானமாகச் சொன்னான்.

"நேத்து மத்தியானம் பால்கனியில துணி காயப் போட்டுக்கினு இருந்தேன். கீழ நம்ம செயலாளரு. 'இங்கே பந்து விளையாடக் கூடாது'ன்னு அவரே ஒரு போர்டு வெச்சிருக்காரு இல்ல, அதுக்குப் பக்கத்துல நிக்கிறாரு. பசங்ககிட்ட புடுங்கி வெச்ச பேட்டு கையில. சுத்தும் முத்தும் பாத்தாரு. பந்தைத் தானே தூக்கிப் போட்டாரு. ஒரே அடி! நேரா அவரு வூட்டு ஜன்னலு."

சங்கீதா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கோபம் திரும்பி வந்தது.

"இதை அத்தனை பேர் முன்னாடி போட்டு உடைச்சிருக்க வேண்டாமா? அவர் மானம் போகட்டும்னு விடாம, நீங்க ஏன் மன்னிப்புக் கேட்டீங்க?"

செங்குட்டுவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பந்து கண்ணாடியில படறதுக்கு முன்னாடி, அரை செகண்டு இருக்கும், 'சிக்ஸர்'னு ரெண்டு கையையும் தூக்கிக்கினு குதிச்சாரு சங்கீதா. அம்பத்தொம்பது வயசு. அந்த மனுஷன் சிரிச்சி இந்த பிளாக்குல யாருமே பாத்ததில்ல. அவரப் போயி ராஜாம்பாள் அம்மாகிட்ட மாட்டி வுடச் சொல்றியா?"