டைனமோ வெளிச்சம்

பாஷா பாயின் சைக்கிள் கடையில் பொழுது சாய்கிறது. ஸ்டாண்டு போட்டு நிற்கும் சைக்கிளின் பெடலைத் தனகோடி கையால் சுற்றுகிறான். சாயப்பட்டறையில் வேலை, நகக்கண்ணெல்லாம் அரக்குச் சிவப்பு. பின்சக்கரத்தில் உரசும் டைனமோ வண்டு மாதிரி இரைகிறது. ஹேண்டில்பாரில் விளக்கு மஞ்சளாகப் பூத்து, சுவரில் தொங்கும் டயர்களின் நிழலை ஆட்டுகிறது. அவன் சைக்கிளுக்கு விளக்கு வாங்க மனைவி உண்ணாமலையும் தறியிலிருந்து நேராக எழுந்து வந்திருக்கிறாள். நெற்றி முடியில் ஜரிகை இழை ஒன்று ஒட்டியிருப்பது அவளுக்குத் தெரியாது. தனகோடிக்கு மேஜைமேல் இருக்கும் பேட்டரி லைட்டின் மேல்தான் கண். “அது நின்னாலும் எரியும்” என்கிறான். “அப்ப இது?” என்று டைனமோவைக் காட்டிக் கேட்கிறாள். “சக்கரம் சுத்துற வரைக்கும்தாம்மா. நின்னா அணைஞ்சிடும்” என்கிறார் பாய்.

“அப்ப இதையே போடுங்க பாய். ஆறு மணிக்கு வேலை விட்டா, எதிர்ல வர்றவங்கள எல்லாம் நிக்க வச்சிப் பேசிகினு எட்டு மணிக்கு வர்றாரு. சோறு ஆறிப்போவுது. இருட்டுல நின்னுகினு எவ்ளோ நேரம் பேசுறார்னு பாக்கறேன்.”

பாய் தாடிக்குள் சிரிக்கிறார். தனகோடி பெடலைச் சுற்றியபடியே மறுகையால் ஹேண்டில்பாரை அவள் பக்கம் திருப்புகிறான். வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிறது. ஜரிகை இழை மின்னுகிறது. “ஐய, கண்ணு கூசுது. நிறுத்துங்க.”

“நிறுத்துனா அணைஞ்சிடும்” என்கிறான் அவன், இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டு.