சட்டம் போட்ட பட்டம்

"இன்னைக்கு என் கதையைத்தான் முதல்ல படிக்கணும்," என்றாள் புதிதாக வந்தவள்.

புதிதாக வருகிறவர்கள் கைதட்டினால் போதும், வாய்விட்டு எதையும் கேட்டுவிடக் கூடாது என்று எழுத்தாளர் வட்டத்தின் செயலாளர் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நிலாக் கவிதையோடு காத்திருந்த ரிட்டையர்டு மேனேஜரின் முகம் சுண்டிப்போனது.

தலைவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "படிம்மா. ஆனா நாங்க விமர்சனம் பண்ணி முடிக்கற வரைக்கும் எழுதினவங்க வாயைத் திறக்கக் கூடாது. இங்க அதான் விதி."

படித்தாள். ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரி. கல்யாணம் பேச வந்த மாமனார் அவளிடம், "உன் பட்டத்தைச் சட்டம் போட்டு ஹால்ல மாட்டிடலாம்மா, வேலையெல்லாம் எதுக்கு?" என்கிறார். அவள் கல்யாணமே வேண்டாமென்று எழுந்து போகிறாள்.

"சுத்த அபத்தம்!" என்றார் தலைவர். "இவ்வளவு கேவலமா எந்த மாமனார் பேசுவான்? மாப்பிள்ளை வேற வாய் செத்தவனா உக்காந்திருக்கான். நம்பற மாதிரியா இருக்கு? என்னப்பா செயலாளரே?"

செயலாளர் தரையைப் பார்த்தான். "மிகைதான்."

அவன் என்ன சொல்வான் என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். காகிதத்தை மடித்தாள்.

"விமர்சனம் முடிஞ்சுதுல்ல? போன வாரம் எங்க வீட்டுக்கு வந்து, சிரிச்சுக்கிட்டே நீங்க சொன்னதுதான் மாமா. ஒரு எழுத்துகூட நான் மாத்தல. அன்னைக்கு வாய் செத்து உக்காந்திருந்தவர், இதோ, நம்ம செயலாளர், உங்க பிள்ளை."

நிலாக் கவிதைக்காரர் இருமினார்.

"உக்காரும்மா, பேசிக்கலாம்..." தலைவரின் குரல் இறங்கியது. "கதைதானே, முடிவை மாத்திக்கலாம்."

"அதை எழுதி முடிச்சாச்சு."

மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது.