அந்த ‘டப்’ சத்தம்

“கார்க்கை உருவும்போது ‘டப்’னு கேக்குதே, அதுக்குத்தாம்மா ஒயினே வாங்குறாங்க. திருகு மூடி போட்டா இருமல் மருந்துன்னு நினைப்பாங்க!” என்றார் ஒயின் ஆலை முதலாளி.

“கார்க் கெட்டு ஒயின் நாறுதுன்னு மாசாமாசம் பெட்டி பெட்டியா திரும்பி வருதே, மாமா?” என்றாள் ஆலையைக் கவனித்துக்கொள்ளும் மருமகள். “ஒரே ஒயின், ரெண்டு மூடி. திரைக்குப் பின்னால திறக்குறேன். குடிச்சுப் பாத்து நீங்களே முடிவு பண்ணுங்க.”

‘டப்’ என்று கேட்டது. வந்த கோப்பையை முதலாளி கண்மூடி உறிஞ்சினார். “அடடா! கார்க்னா கார்க்தான்!”

அடுத்த கோப்பை சத்தமில்லாமல் வந்தது. வாயில் வைத்ததுமே துப்பினார். “தூ! நனைஞ்ச சாக்கு மாதிரி நாறுது. இதான் உன் திருகு மூடி லட்சணமா?”

மருமகள் திரையை விலக்கினாள். “நாறுனதுதான் கார்க் பாட்டில், மாமா. திரும்பி வந்த பெட்டியில இருந்தது. சத்தம் வராம மெதுவா உருவினேன். முதல்ல குடிச்சீங்களே, அதுதான் திருகு மூடி.”

“அப்போ அந்த ‘டப்’?”

அவள் கன்னத்துக்குள் விரலை விட்டு வெடுக்கென்று இழுத்தாள். ‘டப்!’

முதலாளி திருகு மூடி ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். பிறகு வேறு யாரும் பார்க்காதபடி கதவைச் சாத்திவிட்டு, மருமகள் எதிரிலேயே தன் கன்னத்துக்குள் விரலை விட்டு இழுத்தார். ‘புஸ்’ என்றது.

“எனக்கு ஏம்மா வரமாட்டேங்குது?”