ஸ்டியரிங் ஆட்டம்

ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்கத் திருப்பச் சொல்லி ஜீப்புக்கு அடியிலிருந்து குரல் வந்தது. வாக்கியத்தின் முடிவில் வழக்கம்போல ஒரு 'ஸார்'.

அந்த ஸார்தான் டிரைவர் சீட்டில் இருந்த மஹாதேவனுக்கு நெருடியது.

கீழே மல்லாந்து படுத்திருந்தவன் அனிர்பன். மகள் வித்யாலக்ஷ்மியோடு ஜாதவ்பூரில் படித்த வங்காளிப் பையன். இந்த வாரம் வேலைக்காகப் புனே போகிறான். அவன் ஜீப்போடு மல்லாடிய ஞாயிற்றுக்கிழமைகள் இன்றோடு முடிந்தன.

போவதற்குள் ஒரே ஒரு தடவை அவன் வாயால் 'மாமா' என்று கேட்டுவிட வேண்டும். மஹாதேவனின் ஆசை அவ்வளவுதான்.

பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ராணுவ ஏலத்துக்கு வந்த அந்த ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வாங்கி டாலிகஞ்ச் காலனிக்குள் ஓட்டி வந்தவர் அவர். இந்த டிராஃபிக்கில் எந்த மலையில் ஏறப் போகிறீர்கள் என்று மனைவி பாகீரதி இன்றுவரை கேட்கிறாள். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ஸ்டியரிங் சாமி வந்த மாதிரி ஆடும்.

வித்யாவிடம் ஏதோ புத்தகம் கொடுக்க வந்த அனிர்பன், ஜீப்பைப் பார்த்து நின்றுவிட்டான். ஸ்டெபிலைசர் போட்டால் ஆட்டம் அடங்கும் என்றான்.

ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிறதே அதுவா என்று பாகீரதி கேட்டாள். இது வேறு, சக்கரத்தின் உதறல் கைக்கு வராமல் தாங்கிக்கொள்ளும், ஷாக் அப்ஸார்பருக்குத் தம்பி என்று பொறுமையாக விளக்கினான்.

ஆனால் உடனே போட்டுவிடவில்லை. ஆட்டத்துக்குக் காரணம் தெரியாமல் ஸ்டெபிலைசர் போடுவது காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவது போல என்றான். ஒரு ஞாயிறு டயரைப் பார்த்தான். ஒரு ஞாயிறு பேரிங். இன்னொரு ஞாயிறு, சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனைகள்.

மல்லிக்பஜார் உதிரிபாகக் கடையிலிருந்து வாங்கி வந்த முதல் ஸ்டெபிலைசர் நீளம் போதாது என்றான். இரண்டாவது ரொம்ப முரடு, திருப்பினால் உங்கள் தோள் வலிக்கும் என்றான். மூன்றாவதைத்தான் அரை மனதாக ஒப்புக்கொண்டான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொறுப்பான பையனா என்று மஹாதேவன் உருகிப்போனார்.

போதாக்குறைக்குத் தமிழும் கற்றுக்கொண்டான். வத்தக்குழம்பு என்பதை 'ழ' பிசகாமல் சொல்வான். எல்லாம் தன்னோடு பேசத்தான் என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஸார் ஒன்றுதான் குறை.

பால்காரர் அவரை தாதா, அதாவது அண்ணா, என்பார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் ஜேட்டு, பெரியப்பா. வழியில் போகிறவனிடம்கூட உறவு கொண்டாடுகிற ஊர் இது. இவன் மட்டும் ஆபீசில் லீவு கேட்க வந்தவன் மாதிரி ஸார், ஸார். மாமா என்று கூப்பிடேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். சொன்னபோதெல்லாம் அவன் காது சிவந்து, கையிலேயே இருக்கும் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிடுவான்.

காலையில் வித்யாவிடமே கேட்டார், என்னை மாமா என்று கூப்பிட உன் சிநேகிதனுக்கு என்ன கௌரவக் குறைச்சல் என்று. அவள் இட்லியைப் பார்த்துச் சிரித்தாள். பாகீரதி அவர் தட்டில், இருந்த சட்னியின் மேலேயே இன்னும் சட்னி போட்டாள்.

இப்போது வலது பக்கம் திருப்பச் சொன்னான். ஸார்.

மஹாதேவன் திருப்பவில்லை. முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. ஜீப்பின் தரையைப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

“ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவை மாமான்னு சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?”

கீழே ஸ்பேனர் தரையில் விழும் சத்தம் கேட்டது.

“எங்க பாஷையில மாமாவோட பொண்ணு தங்கை ஆயிடுவா, ஸார்.”

மஹாதேவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

டயர், பேரிங், நீளம் போதாத ஸ்டெபிலைசர், 'ழ' பிசகாத வத்தக்குழம்பு. எதுவுமே அவருக்காக இல்லை. ஜீப்புக்காகக்கூட இல்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தார். ஏமாந்தவனின் சிரிப்புதான் வந்தது. கூடவே, கும்பகோணத்து அண்ணாவின் முகம் வந்து மிரட்டியது. மீன் சாப்பிடுகிற வீட்டிலா பெண்ணைக் கொடுக்கப் போகிறாய்? அதற்கும் பின்னால், இவன் வராத ஞாயிற்றுக்கிழமை வெறிச்சென்று வந்து நின்றது. அண்ணாவைவிட அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

சமையலறை ஜன்னலைப் பார்த்தார். இரண்டு தலைகள் சட்டென்று கீழே குனிந்தன.

ஸ்டியரிங்கை வலது பக்கம் கடைசி வரை திருப்பினார். எங்கும் இடிக்கவில்லை.

“எங்க பாஷையில மாமா பொண்ணுதான்டா முறைப்பொண்ணு.”

பிறகு ஜீப்புக்கு அடியிலிருந்து கிரீஸ் படிந்த கை ஒன்று நீண்டது. பெரிய ஸ்பேனர் வேண்டுமாம்.

கேட்ட வாக்கியத்தின் முடிவில் ஸார் இல்லை.

மஹாதேவன் அவசர அவசரமாகச் சுத்தியலை எடுத்துக் கொடுத்தார்.