மத்தியானத் தூக்கம்

"பிள்ளை தின்ன இன்னொரு எம்பனாடா கேக்குறான். குடுத்தா குறைஞ்சா போயிடுவே?" வீட்டுக்கார ஓர்த்தென்சியாவுக்குப் பொறுக்கவில்லை.

"மணி ரெண்டாச்சுக்கா. ரமிரோ, போய்ப் படு," என்றாள் குடித்தனம் வந்திருந்த நெலிதா.

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் பட்டம் விடுதுங்க, இவனுக்குப் பட்டப்பகல்ல தூக்கமா? இது வீடா, பட்டாளமாடி? அவன் போக்குல விடு!"

"சாயங்காலம் வந்து பாருங்கக்கா."

சாயங்காலம் ஓர்த்தென்சியா போனாள்.

சர்க்கஸ் கூடாரத்தின் உச்சியில் ரமிரோ ஊஞ்சலை விட்டு அந்தரத்தில் சுழன்றான். ஓர்த்தென்சியா கண்ணைப் பொத்திக்கொண்டாள். எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கிய நெலிதா, மகனின் கைகளைக் கச்சிதமாகப் பிடித்தாள். கூடாரமே அதிர்ந்தது.

ஓர்த்தென்சியா பெஞ்சின் மேலேறிக் கத்தினாள்: "எங்க வீட்டுப் பிள்ளை! மத்தியானம் நாங்கதான் தூங்கவெச்சு அனுப்பினோம்!"