பிரேக் டிரம் உலையில் முதல் தீ

லாரியிலிருந்து கழற்றிப் போட்ட பிரேக் டிரம் ஒன்று கொல்லுலையானது. காற்று ஊத, பியூட்டி பார்லரில் கூந்தல் உலர்த்திய டிரையர் வந்து சேர்ந்தது. கரி பற்றியதும் இரண்டுக்கும் தலைகால் புரியவில்லை.

"அண்ணே, முழு வேகத்தில் ஊதட்டுமா?"

"ஊதுடா தம்பி! ஆயுசு முழுக்க வண்டியை நிறுத்தி நிறுத்தியே சலித்துவிட்டேன். இன்றைக்கு யாரையும் நிறுத்தப்போவதில்லை."

அரிவாளாகும் ஆசையோடு நெருப்பில் படுத்திருந்த கம்பி, "போதும், போதும்!" என்று அலறியது. அதன் நுனியிலிருந்து பொறிகள் படபடவென்று பூத்துச் சிதறின.

"ஐயோ அண்ணே, மத்தாப்பு!" என்று டிரையர் துள்ளியது.

"விடாதே, இன்னும் ஊது!" என்று டிரம் கூத்தாடியது.

கரி அடங்கியபோது கம்பியில் பாதியைக் காணோம்.

"மத்தாப்பு எப்படி இருந்தது?" என்று டிரையர் அதனிடம் ஆசையாகக் கேட்டது.

மிச்சமிருந்த கம்பி சொன்னது: "அழகாகத்தான் இருந்தேன்."